கப்பல் சுற்றுலாவில் கீழ்த்தளக் கேபின்: பார்த்து எடுப்பது எப்படி?

கப்பல் சுற்றுலாவுக்கு விலைப்பட்டியல் கேட்டால் முதல் வரியில் இருப்பது பெரும்பாலும் கீழ்த்தளத்து உள் கேபின், அதாவது சன்னல் இல்லாத அறைதான். இருப்பதிலேயே விலை குறைவு. தொகையைப் பார்த்து முகம் மலர்ந்த கையோடு வீட்டில் ஒருவர் கேட்பார்: "கீழ்த்தளம்னா தண்ணிக்குள்ளயா கிடக்கும்?"

இல்லை. பயணிகளுக்கு விற்கும் கேபின்கள் பொதுவாக நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். அதற்கும் கீழே எஞ்சின் அறை, எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, சரக்கறை, ஊழியர்கள் தங்கும் அறைகள் எல்லாம் இருக்கின்றன. வட்டச் சன்னல் வைத்த கேபின் என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தச் சன்னல் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து முதல் முறையாகக் கப்பல் ஏறப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளக் கேபின் மோசம் என்று யாராவது சொன்னால், அவர் படுத்தது மோசமான இடத்தில் இருந்த கீழ்த்தளக் கேபின் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே தளம், ஒரே விலை. ஆனால் ஒரு கேபினில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கலாம். நாலு கதவு தள்ளி இருப்பதில் விடியற்காலையிலேயே எழுந்து உட்கார வேண்டியிருக்கும். வித்தியாசம் தளத்தில் இல்லை, தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் பக்கத்துச் சுவருக்கு அப்பாலும் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

எங்கிருந்து, எந்த மாதம்

கேபினுக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். நம்மூரில் இருந்து போக மூன்று துறைமுகங்கள் தோது: கொச்சி, சென்னை, மும்பை. பக்கம் கொச்சிதான். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் வழியாக எர்ணாகுளம், அங்கிருந்து வில்லிங்டன் தீவில் உள்ள சாகரிகா முனையம். ஆனால் கொச்சிக்கு வரும் எல்லாக் கப்பலும் அங்கே புதிதாக ஆள் ஏற்றுவதில்லை. சில கப்பல்கள் ஒரு பகல் நின்றுவிட்டுப் போய்விடும். "கொச்சியில் ஏறலாமா, இல்லை மும்பையில்தான் ஏறணுமா?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். சென்னைக்கு வந்தே பாரத் உட்பட நேரடி ரயில்கள் உண்டு. எந்த ஊர் என்றாலும் கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. ரயில் தாமதம் என்றால் கப்பல் காத்திருக்காது.

இந்தியத் துறைமுகங்களில் இருந்து ஓடுவதில் பலருக்கும் தெரிந்தது கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ். 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல், நீளம் சுமார் 211 மீட்டர். அந்தக் காலத்துக் கப்பல் என்பதால் பால்கனி வைத்த அறைகள் குறைவு, உள் கேபின்களும் சன்னல் கேபின்களும்தான் அதிகம். அதாவது நீங்கள் கீழ்த்தளம் எடுத்தால் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் இருப்பீர்கள், ஏதோ நாம் மட்டும் மலிவு டிக்கெட்டில் வந்துவிட்டோம் என்ற கூச்சமே வேண்டாம். சிங்கப்பூர், துபாய் போய் ஏறுகிற புதிய பெரிய கப்பல்களில் கதை வேறு. அங்கே மேல் தளங்கள் முழுக்க பால்கனிதான்.

மாதம் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் அரபிக்கடல் எப்படி இருக்கும் என்று குளச்சலிலும் முட்டத்திலும் கேட்டால் தெரியும். கடல் சீற்றம் என்று விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்துகிற நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் கடலில்தான் மும்பை, கோவா, லட்சத்தீவு எல்லாம் இருக்கின்றன. அந்த மாதங்களில் வங்கக்கடல் பக்கம் பயணம் இருந்தால் பாருங்கள். 2022 ஜூனில் எம்பிரஸ் சென்னையில் இருந்து ஓடத் தொடங்கியது நினைவிருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும், அப்போது மேற்குக் கரை தேவலை. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு பக்கமும் கடல் பெரும்பாலும் அமைதி. வாந்தி பயம் உள்ளவர்கள் அந்த மூன்று மாதத்துக்குள் தேதி பார்ப்பது உத்தமம்.

ஆட்டக் கணக்கு

கீழ்த்தளத்தை எடுக்கச் சொல்வதற்கு விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஆட்டம். ஆனால் இதில் எல்லோரும் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

கடலில் கப்பல் முக்கியமாக மூன்று விதமாக அசையும். இடதும் வலதுமாகச் சாயும். முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்கும். அப்புறம், மொத்தக் கப்பலும் அலையோடு எழும்பி அமரும். இந்தக் கடைசி ஆட்டத்தில் இருந்து எந்தக் கேபினும் தப்பாது, எத்தனை லட்சம் கொடுத்தாலும்.

இடம் வலமாகச் சாய்வதில்தான் தளத்தின் உயரம் கணக்குக்கு வருகிறது. காற்றில் தென்னை ஆடும்போது கொண்டை ஆடுகிற ஆட்டம் தூரில் இருக்காது, அதே கதைதான். பத்தாம் தளத்தில் தொங்கவிட்ட துணி ஊசலாடும் அளவுக்கு மூன்றாம் தளத்தில் ஆடாது. இந்தச் சாய்வைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் ஸ்டெபிலைசர் என்னும் இறக்கைகளை நீட்டுவார்கள். ஓடுகிற கப்பலில் அவை நன்றாக வேலை செய்யும், வேகம் குறைந்தால் பலனும் குறையும்.

முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை ஸ்டெபிலைசர் பெரிதாகத் தடுக்காது. இங்கே தளத்தைவிட, நீளவாக்கில் எந்த இடத்தில் படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நடுவில் ஆட்டம் குறைவு, இரண்டு முனையிலும் அதிகம். ஆழ்கடலுக்குப் போகிற தூத்தூர்க்காரர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். வரைபடம் எதுவும் பார்க்காமலே சொன்னார் (அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம்): "அணியத்துல கிடந்தா தூக்கித் தூக்கிப் போடும் அண்ணே. அமரத்துல எஞ்சின் சத்தம் காதைக் கிழிக்கும். நடுவுல கிடங்க." கப்பல் நிறுவனங்களின் கையேட்டில் பத்துப் பக்கம் படித்தாலும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆகவே கீழ்த்தளம் என்று மட்டும் கேட்டு வாங்கி, கப்பலின் மூக்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் பலன் பாதிதான். கீழே, நடுவில் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால்? என்னைக் கேட்டால் நடுவைத்தான் எடுப்பேன். மூன்றாம் தளத்தின் முன்முனையைவிட ஆறாம் தளத்தின் நடுப்பகுதி தேவலை.

டெக் பிளானை விரித்து வையுங்கள்

இனிதான் உண்மையான வேலை. ஒவ்வொரு கப்பலுக்கும் தளம் தளமாக வரைந்த டெக் பிளான் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கைப்பேசித் திரையில் பார்க்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, நீங்கள் பார்க்கும் தளம், அதற்கு மேலே உள்ளது, கீழே உள்ளது என்று மூன்றை மட்டும் பெரிய தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள தளம் ஊழியர்களுக்கானது என்றால் அந்தப் படம் வெளியிட்டிருக்க மாட்டார்கள். அப்போது இரண்டு தாள் போதும்.

படத்தில் கூரான பக்கம் முன்பக்கம். கேபின் எண்ணின் முதல் இலக்கம் பெரும்பாலும் தளத்தைக் குறிக்கும். ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், மறுபக்கம் இரட்டைப்படை எண் வருவது வழக்கம், ஆனால் எது எந்தப் பக்கம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேபின்களுக்குள் போட்டிருக்கும் முக்கோணம், புள்ளி, அம்புக்குறி எல்லாவற்றுக்கும் ஓரத்தில் விளக்கம் இருக்கும். அதைப் படிக்காமல் எண்ணைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. இரண்டு கேபின்களுக்கு நடுவே கதவு இருப்பதைக் காட்டும் குறி ஒன்று உண்டு. குடும்பமாக இரண்டு கேபின் எடுப்பவர்களுக்கு அது வசதி. மற்றவர்களுக்கு, பக்கத்து அறைக்காரர் இருமினாலும் தொலைக்காட்சி பார்த்தாலும் அந்தக் கதவு வழியாகக் காதில் விழும்.

கோட்டாறில் எங்கள் மாமா வீட்டில் இப்படித்தான் தாளை விரித்து வைத்து உட்கார்ந்தோம். சோபா முன்னால் இருந்த டீப்பாயில் இடம் போதாமல் கடைசியில் தரையில் விரித்தோம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பேனா முனையை ஒரு இடத்தில் வைத்தார். மூன்றாம் தளத்தில், நடுவாசி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாகக் கிடந்த இடம்.

"மக்களே, இங்க ஒண்ணுமே இல்ல பாத்தியா. அப்போ இதுக்குப் பக்கத்துல எடுத்தா சத்தமே இருக்காதுல்லா?"

"இல்ல மாமா, அதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஒண்ணும் எழுதலன்னா நமக்குச் சொல்ல விரும்பாத ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

வெள்ளை இடம் என்பது பெரும்பாலும் ஊழியர்கள் புழங்கும் இடம். விரிப்பும் துண்டும் அடுக்கும் அறை, ஊழியர் மாடிப்படி, தள்ளுவண்டி நிற்கும் இடம், சாமான் ஏற்றும் லிஃப்ட், எஞ்சின் புகை மேலே போகும் குழாய்ப் பாதை, இப்படி ஏதாவது ஒன்று. விடியற்காலையில் வண்டிச் சக்கரம் உருளும் சத்தமும் இரும்புக் கதவு படாரென்று சாத்தும் சத்தமும் அங்கிருந்துதான் வரும். அத்தை அதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுப் பக்கத்துல ஆளில்லாத மனைன்னு சொன்னாங்க, இப்போ ரைஸ் மில்லு ஓடுது" என்றார். மாமா பேசாமல் பேனாவை எடுத்துக்கொண்டு நாலு கதவு தள்ளி வைத்தார்.

அடுத்து மேலே உள்ள தளத்தின் தாளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் கேபின்கள்தான் என்றால் பிரச்சினையே இல்லை. கீழேயும் கேபின் என்றால் இன்னும் உத்தமம். மேலே சாப்பாட்டுக் கூடம் என்றால் நாற்காலி இழுக்கும் சத்தம். சமையல்கட்டு என்றால் பாத்திரமும் தள்ளுவண்டியும், அதுவும் கோழி கூவுவதற்கு முன்னால். அரங்கம், நடன மேடை, மதுக்கூடம் என்றால் நள்ளிரவு வரை தரை அதிரும். பெரிய கப்பல்களில் முக்கியச் சாப்பாட்டுக் கூடமும் அரங்கமும் மூன்று முதல் ஐந்தாம் தளத்துக்குள் வருவது சகஜம். அதனால்தான் கீழ்த்தளம் எடுப்பவர் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் பணம் கட்டவே கூடாது என்கிறேன். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே பெரிய விலை கொடுத்துப் படுப்பவர்களுக்கும் இதே தொல்லைதான், நாற்காலியை இழுத்துப் போடுவது அங்கேயும் விடியற்காலையில்தான்.

முன்முனையில் இன்னும் இரண்டு சமாச்சாரம். துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த, முன்பக்கத்தில் தண்ணீருக்கடியில் குறுக்காக விசிறிகள் வைத்திருப்பார்கள். த்ரஸ்டர் என்பார்கள். பல கப்பல்கள் துறைமுகத்தில் நுழைவது காலையில். அந்த நேரத்தில் கீழ்த்தளத்து முன் கேபின்களில் உறுமலும் நடுக்கமுமாக இருக்கும். இரண்டாவது சமாச்சாரம், நங்கூரச் சங்கிலி. கப்பல் கரையில் கட்டாமல் தள்ளி நங்கூரம் போடும் ஊர்களில் அந்தச் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டால் அலாரம் தேவையில்லை. பின்முனையில், கப்பலைத் தள்ளும் சுழலியின் (ப்ரொப்பெல்லர்) அதிர்வு. கட்டிலில் படுத்தால் முதுகில் தெரியும், மேசையில் வைத்த கண்ணாடி டம்ளர் மெல்ல நகரும். சிலருக்கு அந்த ஒரே சீரான இரைச்சல் தாலாட்டாகவும் இருக்கிறது, அது அவரவர் காதைப் பொறுத்தது.

லிஃப்ட்டும் மாடிப்படியும் பக்கத்தில் வேண்டும், ஆனால் ஒட்டிக்கொண்டு வேண்டாம். மூன்று நாலு கதவு தள்ளி இருந்தால் சரி. எல்லா லிஃப்ட்டும் கடைசித் தளம் வரை இறங்குமா என்பதையும் படத்தில் பாருங்கள். சில கப்பல்களில் முன்பக்கத்து லிஃப்ட் ஒன்றிரண்டு தளத்துக்கு மேலேயே நின்றுவிடும்.

உள் கேபினா, சன்னலா

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகலா இரவா என்றே தெரியாது. பகலிலும் தூங்கப் பிடிக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அடைசலான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள், விடியும்போது வெளிச்சம் பார்க்காமல் எழ முடியாதவர்கள், இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போகும் பெரியவர்கள் சன்னல் கேபினுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பது நல்லது.

கீழ்த்தளத்துச் சன்னலுக்கு ஒரு லாபம் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். உயிர்காக்கும் படகுகளை நடுத்தளங்களின் வெளிப்பக்கம் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தத் தளங்களில் சன்னல் கேபின் எடுத்தவருக்குக் கடலுக்குப் பதில் படகின் முதுகு தெரியும். கீழ்த்தளம் அந்தப் படகுகளுக்கும் கீழே இருப்பதால் மறைப்பு இல்லை. அலை கிட்டத்தில் ஓடும். ஆனால் அந்தச் சன்னல் திறக்காது, காற்று வராது, கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். கடல் மோசமானால் சில கப்பல்களில் அதன் மேல் இரும்பு மூடியையும் போட்டுவிடுவார்கள்.

எந்தப் பக்கம் எடுப்பது? மும்பையில் இருந்து தெற்கே வரும்போது சூரியன் மறைவது வலப்பக்கம், திரும்பிப் போகும்போது இடப்பக்கம். போய்வரும் பயணத்தில் இரண்டும் ஒன்றுதான், இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கரை தெரியும் என்று எதிர்பார்த்தும் எடுக்காதீர்கள், பெரும்பாலான நேரம் தண்ணீர்தான் தெரியும்.

யார் கீழ்த்தளம் எடுக்கலாம், யார் வேண்டாம்

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்குக் கீழ்த்தளம் நிம்மதி. பால்கனி இல்லை, பிள்ளை கம்பியில் ஏறுமோ என்ற பதைப்பு இல்லை. பெரியவர்களுக்கும் நல்லதுதான். பல கப்பல்களில் மருத்துவ அறை கீழ்த்தளங்களில்தான் இருக்கும், கரைக்கு இறங்கும் வாசலும் அங்கேதான். லட்சத்தீவு போன்ற இடங்களில் கப்பல் தீவை விட்டுத் தள்ளி நிற்கும், சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அப்போது மேலே இருப்பவர்கள் லிஃப்ட்டுக்கு நிற்க, நீங்கள் நடந்தே போய்விடலாம்.

முட்டுவலிக்காரர்கள் மட்டும் ஒன்றை யோசிக்க வேண்டும். பஃபே சாப்பாடு அநேகமாக உச்சித் தளத்தில். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் நிரம்பி வரும், நிற்காமலே போகும். கொஞ்சம் முன்னதாகக் கிளம்புகிற பழக்கம் இருந்தால் சமாளிக்கலாம். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் சாதாரணக் கேபின் எடுக்கவே கூடாது, கதவு அகலம் போதாது, பாத்ரூம் வாசலில் தடுப்பு இருக்கும். அவர்களுக்கென்று தனிக் கேபின்கள் கொஞ்சம்தான் உண்டு, முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

நாள் முழுக்க கேபினிலேயே இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க ஆசைப்படுகிறவர்கள் கீழ்த்தளம் எடுத்துவிட்டு வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்குப் பால்கனிதான் சரி.

பணம் கட்டும் முன்

ஏஜென்ட் "கேரண்டி கேபின்" என்று ஒன்று சொல்வார். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். எந்த வகைக் கேபின் என்பதற்கு மட்டும்தான் உறுதி. எந்த எண் என்பதை நிறுவனம் பின்னால் முடிவு செய்யும். விலை குறைவாக இருக்கும், யாரும் எடுக்காத கேபின் நம் தலையில் விழவும் வாய்ப்பு அதிகம். இவ்வளவு நேரம் டெக் பிளானைப் பார்த்தது வீணாகிவிடும். வாந்தி பயமோ தூக்கப் பிரச்சினையோ இருந்தால் கேரண்டி வேண்டவே வேண்டாம். இளவட்டங்கள், எங்கே போட்டாலும் தூங்குகிறவர்கள் எடுக்கலாம்.

ஏஜென்டிடம் பேசும்போது "நல்ல கேபினாப் பாத்துக் குடுங்க" என்று சொன்னால் அவரும் "நல்லதுதான் சார்" என்பார். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்புள்ளவை என்று நாலைந்து எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றில் எது காலி என்று கேளுங்கள். கட்டில் ஒன்றாகச் சேர்க்கக்கூடியதா, தனித்தனியாகப் பொருத்தியதா? மூன்றாவது ஆளுக்குச் சுவரில் இருந்து மடக்கி இறக்கும் மேல்கட்டிலா, சோபாவா? மேல்கட்டில் என்றால் ஏணியில் ஏறுவது யார்? சொன்ன விலையில் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர் சேவைத் தொகை எல்லாம் அடக்கமா? விலை பெரும்பாலும் இரண்டு பேர் ஒரு கேபின் என்ற கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அதற்கு மேல் ஆகும். எல்லாம் ஒத்துவந்தால், கேபின் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

பிறகு ஒரு நாள் "கொஞ்சம் கூடக் கட்டினால் மேல் தளம் தருகிறோம்" என்று செய்தி வரும். சந்தோஷத்தில் உடனே சம்மதிக்காதீர்கள். அந்தப் புதிய எண்ணையும் தாளில் வைத்துப் பாருங்கள்.

ஆவண விஷயம் சுருக்கமாக: இந்தியத் துறைமுகங்களுக்குள் போகிற பயணத்துக்கு ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை, இலங்கை மாதிரி வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டால் பாஸ்போர்ட்டும் அந்த நாட்டு அனுமதியும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கட்டும்.

பெட்டியில் என்ன வைப்பது

கப்பல் கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தம் வைத்த கொக்கி நாலு வாங்கிக்கொண்டால் ஈரத்துண்டு, லுங்கி, பை எல்லாம் மாட்டலாம். இவ்வளவு சின்ன அறையில் இது பெரிய உதவி. பேட்டரியில் எரியும் சின்ன விடிவிளக்கு ஒன்று, உள் கேபின்காரர்களுக்குக் கட்டாயம். காதுக்கு அடைப்பான். மெல்லிய போர்வை அல்லது ஸ்வெட்டர், ஏசி குளிர் நம்மூர் ஆட்களுக்கு ஒத்துவராது. பெரிய பெட்டி கட்டிலுக்கடியில் போகும் உயரத்தில் இருக்கட்டும்.

எடுத்துப் போகக் கூடாதவை: இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் கார்டு. கப்பலில் தீ என்பது கரையில் தீ மாதிரி இல்லை, ஓடி வெளியே நிற்க முடியாது. அதனால் ஏறும் வாசலிலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். ஊதுபத்தி, சூடம், அகல்விளக்கு எதுவும் அறைக்குள் கொளுத்தக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்த புளிச்சோறையும் அனுமதிப்பது அரிது. பிரிக்காத பாக்கெட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் பல நிறுவனங்கள் ஒன்றும் சொல்வதில்லை, ஆனாலும் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாந்தி மாத்திரை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டால்தான் பலன், வந்த பிறகு போட்டு லாபம் குறைவு. கண் நீரழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள், வேறு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடக் கூடாது. இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கைகொடுக்கும். ஒன்று கவனம்: தலை சுற்ற ஆரம்பித்தால் சன்னலில்லாத கேபினுக்குள் போய் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்காதீர்கள். மேலே திறந்த தளத்துக்குப் போய், தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அதற்கும் முடியவில்லை என்றால் கண்ணை மூடி மல்லாந்து படுப்பதுதான் வழி, அதற்குக் கீழ்த்தளத்து நடுக்கேபினை மிஞ்சிய இடம் கப்பலில் கிடையாது.

ஏறிய முதல் ஒரு மணி நேரம்

எல்லோரும் பெட்டியை வைத்துவிட்டு பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் பத்து நிமிடம் கேபினில் இருங்கள். கதவைச் சாத்தி, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஏசி வேலை செய்கிறதா, பாத்ரூமில் நாற்றம் வருகிறதா, டீசல் வாடை உண்டா, கழிப்பறைத் தண்ணீர் இழுக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் உடனே வரவேற்பு மேசைக்குப் போங்கள். காலிக் கேபின் இருந்தால் முதலில் கேட்டவருக்குத்தான் கிடைக்கும், கப்பல் நிறைந்துவிட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் சரிசெய்ய ஆள் அனுப்புவார்கள். பேசும்போது தன்மையாகப் பேசுங்கள், அந்த மேசையில் நிற்கும் பிள்ளைக்கு அன்று காலையில் இருந்து அதே வேலைதான்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதி மாறியது. 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம். தவிர்க்க முயலாதீர்கள். ஏழு குறுகிய ஒலியும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அவசரம் என்று பொருள். கீழ்த்தளத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் வேலை ஒன்று உண்டு. அவசரத்தில் லிஃப்ட் கிடையாது, படியேறித்தான் போக வேண்டும். அதனால் உங்கள் கதவில் இருந்து பக்கத்து மாடிப்படிக்கு எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டு, ஒரு முறை நீங்கள் கூட வேண்டிய இடம் வரை நடந்தே போய்ப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இன்னொரு படியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி தாத்தாவையும் அப்படி ஒரு தடவை நடத்திக் கூட்டிப் போங்கள், மூச்சு வாங்கினால் எங்கே நின்று போகலாம் என்பது அப்போது தெரியும்.

கைப்பேசியைக் கரை மறைவதற்கு முன்பே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் நம் சிம் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்தால் வரும் பில் கேபின் விலையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். கீழ்த்தளத்தில் சுற்றிலும் இரும்பு, துறைமுகத்தில் நிற்கும்போதும் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் மேலே போய்ப் பேசுங்கள். கிளம்பிய இரவில் உங்கள் குரல் கேட்காவிட்டால் பயப்பட வேண்டாம் என்று ஊரில் இருக்கும் பிள்ளைகளிடம் ரயில் ஏறும்போதே சொல்லி வையுங்கள்.